உடுவிலிலிருந்து போன புன்னகை

புத்தர் பெருமானின் புன்னகை உலகத்துக்குப் போனது உடுவிலிலிருந்துதான். காந்தாரத்துச் சிற்பி அதைக் கல்லில் பிடித்ததும், சீனத்துக் குகைகளில் அது மலை அளவுக்கு விரிந்ததும், கம்போடியாவில் கோபுரத்துக்குக் கோபுரம் நாலு திசையும் பார்த்ததும், ஜப்பானில் வெண்கலமாக உறைந்ததும் எல்லாம் பிறகு நடந்தவை. மூலம் யாழ்ப்பாணத்து உடுவில். ஓய்வுபெற்ற உதவிக் கல்விப் பணிப்பாளர் விசுவலிங்கம் அவர்களின் முடிந்த முடிபு இது.

இதற்கு ஆதாரமாக அவர் காட்டிய புத்தர் தலை, இரண்டு வருடத்துக்கு முன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த கோகுலனின் பயணப்பெட்டியில், இரண்டு பழைய காற்சட்டைகளுக்கு நடுவில் சுற்றப்பட்டுக் கனடாவிலிருந்து வந்தது.

கோகுலன், உடுவிலில் வெங்காயமும் புகையிலையும் செய்யும் முருகேசரின் மைத்துனன். முருகேசரின் மனைவி ஞானாம்பிகைக்கு ஒரே தம்பி. தலையை அக்காவிடம் இரண்டு கையாலும் கொடுத்தான்.

"தாய்லாந்திலை ஒரு பிக்கு தந்தவர் அக்கா. ஹோலுக்கை வையுங்கோ. வீட்டுக்கு ஒரு பொசிற்றிவ் எனேர்ஜி வரும்."

ஞானாம்பிகை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கருங்கல் நிறம். கண் மூடியிருந்தது. கழுத்தோடு முடிந்துவிட்ட கவலையே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

"உடம்பெங்கையடா?"

"தலை மட்டும்தான் அக்கா. இப்ப அங்கை எல்லா வீட்டிலையும் தலைதான் வைக்கினம்."

கோகுலன் விமானம் ஏறும்வரை தலை ஹோலில் இருந்தது. அதற்குப் பிறகு அதை எங்கே வைப்பது என்பது பெரிய பிரச்சினையாகிவிட்டது. சாமியறையில் முருகனுக்குப் பக்கத்தில் வைக்க ஞானாம்பிகைக்கு மனம் வரவில்லை. ரீவிக்கு மேல் வைத்தால் வந்து போகிறவர்கள் கேள்வி கேட்டார்கள். எறியவும் முடியாது. சாமி உருவத்தை எறிவது பாவம். கனடாத் தம்பி தந்ததை எறிவது அதைவிடப் பாவம். கடைசியில் முருகேசர் அதைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னாலிருந்த நாலு பரப்புக் காணியின் மூலையில், வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். மகள் தர்சினிக்குச் சீதனமாக எழுதவிருந்த காணி அது.

பக்கத்து வளவுத் தங்கமுத்து அக்கைக்கு ஒரு குணம். வேப்பமரத்தடியில் எது அசையாமல் இருந்தாலும் அதற்குத் திருநீறு பூசாமல் அவரால் கடந்துபோக முடியாது. முதல் நாள் மூன்று குறி பூசினார். இரண்டாம் நாள் சந்தனமும் பொட்டும். மூன்றாம் நாள் செவ்வரத்தம்பூ. அந்த மாத முடிவில் எண்ணெய் விளக்கு வந்தது. பிறகு அது புத்தர் இல்லை, வைரவர். தங்கமுத்து நாள் தவறாமல் உச்சியில் ஒரு கை சந்தனம் அப்பிவிட்டுப் போவார். இரண்டு மாரி மழையும் விளக்குப் புகையும் எண்ணெயும் பட்டுத் தலை ஆயிரம் வருடம் மண்ணுக்குள் கிடந்த மாதிரி ஆகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் தர்சினிக்குக் கல்யாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை கொக்குவில். பெயர் ஜெயசுதன், கொழும்பில் வங்கி வேலை. பொருத்தம் பத்துக்கு எட்டு. தர்சினிக்கும் அவனுக்கும் தொலைபேசியிலேயே மற்ற இரண்டும் பொருந்திவிட்டன. மாப்பிள்ளையின் தகப்பன் போட்டது ஒரேயொரு நிபந்தனை: வில்லங்கமில்லாத காணியாக இருக்க வேண்டும். அதில் பிள்ளைகள் உடனே வீடு கட்ட வேண்டும்.

அந்தத் தகப்பன்தான் விசுவலிங்கம்.

அவர் ஆய்வாளரும்கூட. யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அவருடைய படம், வம்சாவளி, நாலு தேவாரம் சேர்த்துக் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். கடைசிப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கக் கூடாதென்று அதில் ஒரு கட்டுரை போடுவதுண்டு. விசுவலிங்கத்தாரின் ஆய்வுகள் அத்தனையும் அந்தக் கடைசிப் பக்கங்களில் வெளிவந்தவை. அவர் ஒரு புதுக் கருத்தைச் சொல்ல ஒருவர் சாகவேண்டும். அதைத் தானே திருத்தி எழுத இன்னொருவர் சாகவேண்டும். ஆனபடியால் அவர் அதிகம் திருத்துவதில்லை.

பங்குனி மாதம் ஒரு ஞாயிறு காலை அவர் காணி பார்க்க வந்தார். எல்லைக் கல்லைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், மண்ணைக் கிள்ளி மணந்தார். எல்லாம் திருப்தி. திரும்பும்போது வேப்பமரத்தடியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"முருகேசர், உது என்ன?"

"வைரவர், சேர்."

விசுவலிங்கத்தார் குனிந்து பெருவிரலால் நெற்றிக்கு மேலே தேய்த்தார். திருநீறு உதிர, நத்தை மாதிரிச் சுருண்ட ஒரு மயிர்ச்சுருள் வெளியே வந்தது.

"வைரவருக்கு எப்பவிருந்து சுருட்டை மயிர்?"

முருகேசர் வாயைத் திறந்தார். ஞானாம்பிகை பின்னால் நின்று இருமினாள். அவர் மூடிக்கொண்டார்.

விசுவலிங்கத்தார் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துத் தலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மூக்கைப் பாருங்கோ. கிரேக்க மூக்கு. அலெக்சாந்தருக்குப் பின்னாலை வந்த ஆக்களைப் பாத்துக் காந்தாரத்திலை புத்தருக்கு வைச்ச மூக்கு. மயிர் மதுரா. கண்மடல் குப்தர் காலம். காது சீனம், எப்பிடித் தொங்குது பாருங்கோ. சொண்டு கம்போடியா. கொண்டை தாய்லாந்து. ஆனால் அந்தச் சிரிப்பு..." பேனையைத் தாழ்த்தினார். "அந்தச் சிரிப்பு ஜப்பான்."

"அப்ப உது எந்த நாடு, சேர்?" என்று முருகேசர் கேட்டார்.

சாதாரண மனிதன் என்றால், எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஒருவன் பல படங்களை மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்திருக்கிறான் என்று நினைத்திருப்பான். விசுவலிங்கத்தார் சாதாரண மனிதர் இல்லை.

"விளங்கேல்லையே? இவை எல்லாரும் இதிலையிருந்து ஒவ்வொண்டைக் கழட்டிக்கொண்டு போயிருக்கினம். மூக்கை ஒருத்தன், காதை ஒருத்தன். முழுசா இருக்கிறது இஞ்சை மட்டும்தான்."

"இஞ்சையிருந்து எப்பிடிச் சேர் போகும்?"

"முருகேசர், கூப்பிடு தூரத்திலை கந்தரோடை. அங்கை கவிட்டு வைச்ச கிண்ணம்மாதிரி எத்தினை தாதுகோபம் கிடக்கு? அங்காலை ஜம்புகோளத் துறை. அரசமரக் கன்றை ஏத்திக்கொண்டு கப்பல் வந்து இறங்கின துறை எண்டு பழைய நூலுகள் சொல்லுது. சரி, கன்றை இறக்கியாச்சு. வந்த கப்பல் வெறுங்கப்பலாவே திரும்பிப் போயிருக்கும்?"

முருகேசர் தலையை ஆட்டினார். அவருடைய அனுபவத்திலும் லொறி வெறுமையாகத் திரும்பினால் நட்டம்தான்.

"அப்ப இனிக் கும்பிடோணுமே, சேர்?"

"சீச்சீ!" விசுவலிங்கத்தார் தம் நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "புத்தர் எங்கடை ஆள் எண்டு நிறுவோணும். கும்பிடப்படாது."

தன் திட்டத்தையும் அங்கேயே சொன்னார். சித்திரைக் கடைசியில் இந்த இடத்திலேயே ஒரு ஆய்வு வெளியீட்டுக் கூட்டம். பத்திரிகைக்காரர் வருவார்கள். பிறகு தொல்லியல் திணைக்களத்துக்கு எழுதுவது. அவர்கள் வந்து அளந்து, பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை நடுவார்கள்.

முருகேசர் கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். "பலகை நட்டால் வீடு கட்டேலுமே, சேர்?"

"வீடோ? ஆசியாவின்ரை ஊற்றுக்கண்ணிலை ஆரும் கக்கூசுக் குழி வெட்டுவினமே, முருகேசர்?"

அவர் போய்க் காரில் ஏறினார். கதவைச் சாத்தியதும் ஆய்வாளர் இறங்கிப்போய் மாப்பிள்ளையின் தகப்பன் மட்டும் உள்ளே இருந்தார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"அப்ப, கல்யாணத்துக்கு வேறை காணி பாருங்கோ. வில்லங்கமில்லாததா."

முருகேசருக்கு வேறு காணி இல்லை.

அன்று மத்தியானம் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

"உங்களுக்கு வாயில்லையே?" என்றாள் ஞானாம்பிகை. "உது தம்பி கொண்டந்ததெண்டு சொல்லுறதுக்கென்ன?"

"நீயெல்லே இருமினனி?"

"நான் அவரோடை கொழுவாதேங்கோ எண்டு இருமினன். உண்மையைச் சொல்லாதேங்கோ எண்டே இருமினன்?"

"ரெண்டும் ஒண்டுதான் ஞானம். ஊரைக் கூட்டி ஆசியா எண்டு கதைக்கிற மனுசனிட்டைப் போய், சேர், உது கனடாவிலையிருந்து பெட்டிக்கை வந்த சாமான் எண்டு சொல்லச் சொல்லுறியே? மாப்பிளையின்ரை தேப்பனை மடையன் எண்டு சொன்ன வீட்டிலை ஆர் வந்து தாலி கட்டுவினம்?"

அதிலும் நியாயம் இருந்தது. தாலி ஏறும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைத் திருத்துவதில்லை. ஞானாம்பிகையின் சொந்தப் பெரியப்பா நடராசாவை அவருடைய சம்பந்தி கல்யாணப் பேச்சு முழுவதும் கந்தையா என்று கூப்பிட்டார். பெரியப்பா ஆறு மாதம் கந்தையாவாகவே இருந்தார். தாலி ஏறி, பந்தி முடிந்து, வெற்றிலை போடும்போதுதான் தம் பெயரைச் சொன்னார்.

"நான் ஜெயசுதனிட்டைச் சொல்லிப் பாக்கிறன்," என்றாள் தர்சினி. மாமரத்தடிக்குப் போய் நெடுநேரம் கதைத்துவிட்டு வந்தாள். "அவருக்குச் சிரிப்பு அடங்கேல்லை. ஆனால் அப்பாவிட்டைச் சொல்லமாட்டாராம். ஒருக்கால் கட்டுரையிலை அச்சுப்பிழை கிடக்கெண்டு சொன்னதுக்கே மனுசன் மூண்டு மாசம் முகம் குடுத்துக் கதைக்கேல்லையாம்."

கடைசியில் முருகேசர் கோகுலனைத் தொலைபேசியில் பிடித்தார். திரையில் கோகுலனின் நெற்றியும் பின்னால் ஒரு குளியலறைக் கதவும் தெரிந்தன.

"தம்பி, சத்தியமாச் சொல்லு. உந்தத் தலையை ஆர் தந்தது?"

"பிக்கு, அத்தான்."

"கோகுலன், உன்ரை மருமோளின்ரை கல்யாணம் குழம்பப் போகுது."

கோகுலன் குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான். "தோட்டக்கடை, அத்தான். குளிர் தொடங்க முதல் மலிவு போடுவாங்கள். ஒண்டு வாங்கினால் ஒண்டு சும்மா. மற்றது இந்தா, இஞ்சை கீழ்மாடிப் பாத்றூமுக்கை கிடக்கு." கமராவைத் திருப்பினான். அதே சிரிப்பு. தலையில் ஒரு துவாய் காய்ந்துகொண்டிருந்தது. "அக்காவிட்டை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"கொக்கா பக்கத்திலைதான் நிக்கிறா."

"ஐயோ."

"தோட்டத்துக்கு வைக்கிற சாமானே உது?" என்று ஞானாம்பிகை திரைக்கு முன்னால் முகத்தை நீட்டினாள். "தாய்லாந்துப் பிக்கு எண்டு நான் எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன்!"

"லைற் அக்கா உது. தோட்டத்து லைற். உச்சியிலை சின்னக் கண்ணாடி ஒண்டு இருக்கு, சோலர். பகல் வெயில் பட்டால் பொழுதுபட நெத்தி தன்ரைபாட்டிலை எரியும். அந்தமாதிரி இருக்கும். நீங்கள் ஒருநாளும் எரியிறதெண்டு சொல்லேல்லை, நான் பழுதாப்போச்சுதெண்டு நினைச்சன்."

முருகேசர் எழுந்துபோய்ப் பார்த்தார். உச்சியில் கண்ணாடியும் இல்லை, ஒன்றும் இல்லை. தங்கமுத்து அக்கையின் இரண்டு வருடச் சந்தனம் ஒரு சாண் தொப்பி மாதிரி இறுகிப் போயிருந்தது.

தலையை எடுத்து ஒளித்துவிட்டு, களவு போய்விட்டது என்று சொல்லலாம் என்றாள் ஞானாம்பிகை. மறுநாள் விடிய முருகேசர் தலையில் கை வைத்ததுதான் தாமதம், வேலிக்கு மேலால் தங்கமுத்துவின் குரல் வந்தது.

"தம்பி முருகேசு! என்ன செய்யிறாய்?"

"ஒண்டுமில்லையக்கா. கொஞ்சம் அங்காலை அரக்கி வைப்பமெண்டு."

"வைரவர் என்ன சீமெந்து மூட்டையே, அரக்கி வைக்க? ஐயரைக் கூப்பிட்டு, கும்பம் வைச்சு, பாலஸ்தாபனம் செய்தெல்லே எடுக்கோணும்! கையை எடு. தோசம் கொள்ளுப்பேரன் வரைக்கும் பிடிக்கும்."

முருகேசர் கையை எடுத்தார்.

கூட்டத்து நாள் வந்தது. காணியில் தகரப் பந்தல், நூறு பிளாஸ்ரிக் கதிரை, ஒலிபெருக்கி. நடுவில் வெள்ளை விரித்த ஒரு மேசை. தலையை ஐயர் இல்லாமல் எடுக்க முடியாதென்று தங்கமுத்து பிடிவாதமாக நின்றதால் விசுவலிங்கத்தாரே தம் செலவில் ஒரு ஐயரைக் கூட்டிவந்து கும்பம் வைத்து எடுப்பித்தார். அதன் பிறகு தேசிக்காய்ப் புளியும் தேங்காய்த் தும்பும் கொண்டு தம் கையாலேயே கழுவினார். சந்தனத் தொப்பி பாளம் பாளமாக விழுந்தது. கொண்டையின் உச்சியில் பெருவிரல் நக அளவில் கறுப்பாக ஒரு சதுரம் மினுங்கியது.

"மணி பதிச்ச இடம்," என்றார் விசுவலிங்கத்தார். "உச்சியிலை மணி வைக்கிற வழக்கம் கீழைத்தேயம் முழுக்க இருக்கு. இதுவும் இஞ்சையிருந்து போனதுதான்."

தலையை மேசையில் வைத்தார்கள். பந்தல் மேசைவரை எட்டவில்லை. சித்திரை வெயில் நேரே உச்சியில் இறங்கியது.

முன்வரிசையில் இருந்த முருகேசர் வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி எரிந்தால் பலகை வராது, காணி தப்பும். ஆனால் நூறு பேருக்கு முன்னால் சம்பந்தியின் மானம் போகும், கல்யாணமும் போகும். எரியாவிட்டால் சம்பந்தியின் மானம் இருக்கும். காணி போகும், வேறு காணி இல்லாததால் கல்யாணமும் போகும். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக மழை வரவேண்டுமென்றும் வரக் கூடாதென்றும் ஒரே நேரத்தில் வேண்டினார்.

இன்றைக்கு மானத்தையாவது காப்பாற்ற ஒரு வழி இருந்தது, காணியைப் பிறகு பார்க்கலாம். கூட்டம் மூன்று மணிக்கு. நாலரைக்கு முடிந்தால் பொழுதுபட முன் தலையைச் சாக்கால் மூடிவிடலாம். தர்சினி ஒரு சாக்கோடு தயாராக நின்றாள்.

ஆனால் மூன்று மணிக்குப் பத்திரிகை நிருபர் வரவில்லை. அவர் வரும்வரை வாசிகசாலைத் தலைவர் வாழ்த்துரை சொன்னார். அவருக்குப் பிறகு உப தலைவர், அதற்குப் பிறகு முன்னாள் தலைவர். நிருபர் நாலேகாலுக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, வடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். விசுவலிங்கத்தார் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

அவர் பட்டுப்பாதையில் தொடங்கினார். ஒட்டகங்களோடு பாலைவனம் கடந்தார். குகை குகையாக நின்று ஓவியம் பார்த்தார். ஐந்து மணிக்குச் சீனத்துக்குள் நுழைந்தார். ஐந்தரைக்குக் கொரியா. கடல் வழியை அவர் இன்னும் தொடவேயில்லை.

"சேருக்கு ஒரு தேத்தண்ணி குடுங்கோவன்," என்று ஞானாம்பிகை நடுவில் எழும்பிப் பார்த்தாள். அவர் தேநீரைக் குடித்துத் தெம்பாகி, சுமாத்திராவில் இறங்கினார்.

"கூறுங்கள்!" என்று அவர் முழங்கியபோது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. மேசைக்கு முதுகைக் காட்டி, சபையைப் பார்த்து நின்றார். "தாமரைக்கும் தூபிக்கும் அபயகரத்துக்கும் ஆசியா எங்கே போய்க் கைநீட்டியது? ஓவியனும் சிற்பியும் கவிஞனும் எந்த முகத்தைக் கண்டு கண்ணை மூடினார்கள்? இந்த முகத்தை! இந்த முகத்திலிருந்து எழுந்த ஒளிதான், சபையோரே, கடல் கடந்து..."

 நூறு பேரும் வாயைத் திறந்துகொண்டு இருந்தார்கள். தம் பேச்சுக்கு இப்படி ஒரு வரவேற்பை விசுவலிங்கத்தார் முப்பத்தைந்து வருடப் பணியில் கண்டதில்லை. கண் கலங்கியது. அந்த வசனத்தை இன்னொரு முறை சொன்னார்.

"இந்த முகத்திலிருந்து எழுந்த ஒளிதான்..."

அவருக்குப் பின்னால் நெற்றி நீலமாக எரிந்தது. பிறகு பச்சை. பிறகு சிவப்பு.

"வைரவா!" என்று தங்கமுத்து எழும்பினார். "நெற்றிக்கண் திறந்திட்டார்! என்ரை ஐயோ, நெற்றிக்கண்!" அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். பின்வரிசையில் கதிரைகள் சரிந்தன. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நிருபர் வடையை வைத்துவிட்டுப் படம் எடுத்தார்.

விசுவலிங்கத்தார் திரும்பினார்.

தலை அவரைப் பார்த்து மறுபடியும் நீலமானது. அவர் அதைப் பார்த்தார். உச்சியிலிருந்த சதுரத்தைப் பார்த்தார். கொக்குவிலில் அவர் வீட்டுக் கேற்றடியில் இருக்கிற விளக்கின் தலையிலும் அதே சதுரம்தான். நல்ல மனிதர், படித்தவர், விளங்க நேரமெடுக்கவில்லை. ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு முருகேசரின் காதருகே குனிந்தார்.

"முருகேசர். இது சோலரே?"

பெண்ணின் தகப்பன் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார். "ஓம் சேர். கனடாவிலை தோட்டக்கடையிலை வாங்கினது."

"உமக்கு முதலே தெரியுமே?"

"நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள் சேர். இடையிலை எப்பிடி..."

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"வீட்டாருக்கு மட்டும்தான்." தயங்கினார். "உங்கடை மகனுக்கும்."

விசுவலிங்கத்தார் கண்ணை மூடினார். அந்த நேரத்தில் மேசையில் இருந்த முகத்துக்கும் அவர் முகத்துக்கும் சிரிப்பு ஒன்றுதான் வித்தியாசம். முருகேசருக்குத் தன் மகளின் கல்யாணம் அந்த மூடின கண்ணுக்குள்ளே எங்கோ தொங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"சேர்," என்றார் மெதுவாக. "தங்கமுத்தக்கை சொல்லுறதும் ஒரு கருத்துத்தானே?"

விசுவலிங்கத்தார் கண்ணைத் திறந்தார். தங்கமுத்து அதற்குள் கர்ப்பூரம் கொளுத்தி, திருநீற்றுத் தட்டோடு மேசையடிக்கு வந்திருந்தார். ஓய்வுபெற்ற உதவிக் கல்விப் பணிப்பாளர் தட்டில் மூன்று விரலையும் அழுத்தி எடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டு ஒலிவாங்கிக்குத் திரும்பினார்.

"சபையோரே! இத்தனை நேரமும் நான் எதற்காகப் புத்தர் என்று சொல்லிவந்தேன்? உங்களைச் சோதிக்க! முக்கண் உடைய புத்தர் எங்கேனும் உண்டா? இது நம் வைரவப் பெருமான். காந்தாரத்தான் கொண்டுபோனது வைரவரின் மூக்கை. சீனன் கொண்டுபோனது வைரவரின் காதை. ஆசியா முழுவதும் இன்றைக்கும் கும்பிடுவது நம் உடுவில் வைரவரைத்தான். அவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவே!"

கைதட்டலில் பந்தல் தகரம் அதிர்ந்தது. நிருபர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். திணைக்களத்தைப் பற்றி யாரும் அதன்பின் பேசவில்லை. கோயிலுக்குக் கல்விப் பணிப்பாளர் தேவை, தொல்லியல் தேவையில்லை.

காரில் ஏறியதும் விசுவலிங்கத்தார் கண்ணாடியை இறக்கினார்.

"முருகேசர், காணியிலை வில்லங்கம் ஒண்டும் இல்லை. ஆவணியிலை வைப்பம்."

"ஓம் சேர்."

"மூலையிலை மட்டும் அரைப் பரப்பு கோயிலுக்கு விடுங்கோ. திருப்பணிச் சபைக்கு நான் தலைவர். நீங்கள் பொருளாளர்." கொஞ்சம் யோசித்தார். "இந்தக் கனடாக் கதை பேரப்பிள்ளையளுக்கும் தெரிய வேண்டாம்."

"தெரியாது சேர்."

கல்யாணம் ஆவணியில் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறையில் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவார்கள் என்று இருவருக்கும் பயம். கோகுலன் வந்து, தானே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற தோரணையில் பந்தி விசாரித்தான். வீட்டுக்கு அத்திவாரம் போட்டார்கள். மூலையில் தகரக் கூரையோடு கோயில் எழுந்தது. வெயில் இறங்கவென்று உச்சிக்கு நேரே கூரையில் ஒரு துவாரம் விடவேண்டுமென்று தலைவர் சொன்னார். ஆகமத்தில் அப்படி உண்டாம். செவ்வாயும் வெள்ளியும் மானிப்பாயிலிருந்தெல்லாம் சனம் வந்து நெற்றிக்கண் பார்த்தது.

பிறகு மாரி பிடித்தது. நாட்கணக்காக வெயில் இல்லை. வைரவர் நெற்றி எரியவில்லை.

முதல் வாரம் சனம் பொறுத்துக்கொண்டது. இரண்டாம் வாரம் கதை கிளம்பியது. மழைச்சட்டை போட்டுக்கொண்டு விசுவலிங்கத்தார் தாமே வந்து வாசலில் நின்றார்.

"முருகேசர், கோயிலடியிலை என்ன கதைக்குதுகள் தெரியுமே? புதுசா வீடு கட்டுறவையிலை ஏதோ தோசமாம், அதுதான் சாமி கண்ணை மூடிட்டாராம். புதுசா வீடு கட்டுறது ஆர்? உம்மடை மகளும் என்ரை மகனும்."

முருகேசர் உள்ளே போனார். திரும்பி வந்து கையை நீட்டினார். இரண்டு பற்றரி போடுகிற சின்ன டோர்ச்.

"தலைக்குள்ளை வெறும் கோதுதானே, சேர். கவிட்டுப் பிடிச்சால் போகும்."

விசுவலிங்கத்தார் டோர்ச்சை வாங்கிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். எரிந்தது.

"நிறம் மாறாதே?"

"சிவப்புப் பொலித்தீன் ஒண்டு கட்டலாம் சேர்."

மழை நாட்களில் பொழுதுபட முன் தலைக்குள் டோர்ச் வைப்பது, செவ்வாயும் வெள்ளியும் விசுவலிங்கத்தார். மற்ற நாட்களில் முருகேசர்.